கசிப்புப் பானை யாருக்குச் சோறு போடுகிறது?

நாளிதழ்களின் உட்பக்கங்களில் அடிக்கடி ஒரு சிறு செய்தி வரும். "கசிப்புடன் பெண் கைது" என்று தலைப்பு இருக்கும். எத்தனை போத்தல் கசிப்பு, எத்தனை லீற்றர் கோடா, எந்தப் பொலிஸ் பிரிவு, எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் நான்கு வரிக்குள் அடங்கிவிடும். அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள், கணவர் இருக்கிறாரா, கடன் எவ்வளவு, இந்தத் தொழிலை யாரிடம் பழகினாள் என்பவை அதில் இருப்பதில்லை. செய்தியைப் படிப்பவர்கள் "பொம்பிளையும் இந்த வேலையோ?" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.

கசிப்பு காய்ச்சுவது சரி என்று சொல்ல இக்கட்டுரை வரவில்லை. அதனால் அதிகம் அடிபடுவதும் பெண்கள்தான். ஆனால் ஒரு பெண் இத்தொழிலுக்குள் எப்படி வருகிறாள், வந்த பின் அவளுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, வெளியே வர என்ன வேண்டும் என்பதை நாம் திறந்து பேச வேண்டியுள்ளது. பேசாமல் விட்டால் பானை ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு இடம் மாறுமே தவிர, இல்லாமற் போகாது.

இங்கே நான் சொல்லும் பெண் ஒருத்தியல்ல. கிராமங்களில் வேலை செய்யும் எவருக்கும் தெரிந்த பல பெண்களின் நிலையை ஒன்றாக்கிச் சொல்கிறேன். ஆகவே அவளுக்குப் பெயர் வைக்கவில்லை.

தொழில் பழகும் விதம்

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் 89,000 பெண்கள் யுத்தத்தில் கணவரை இழந்திருப்பதாக 2010இல் அரச தரப்பில் கூறப்பட்டது. கிழக்கில் 49,000, வடக்கில் 40,000 என்பது அந்தக் கணக்கு. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கணவர் படுக்கையில் இருப்பவர்கள், விட்டுப் பிரிந்து போனவர்கள் என்று பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் பாரம் இன்னும் பெரியது. முகாமிலிருந்து ஊர் திரும்பிய பெண்ணுக்குத் தகரக் கொட்டிலும், பற்றை மண்டிய காணியும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும்தான் கையிருப்பு.

அதன்பின் கடன் வந்தது. வீட்டு வாசலுக்கே வந்து கொடுத்த நுண்நிதிக் கடனைக் கோழிக் கூட்டுக்கும் தையல் இயந்திரத்துக்கும் என்று வாங்கினோம். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். கோழி நோய் வந்து செத்தாலும் கட்ட வேண்டும். ஒன்றைக் கட்ட இன்னொன்றை எடுத்தோம். இந்தச் சுமை எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு 2018ஆம் ஆண்டு அறிவிப்பு ஒரு சான்று. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த, தவணை தவறிய கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அவ்வாண்டு அறிவிக்க வேண்டி வந்தது.

2022இன் பொருளாதார நெருக்கடி மிச்சத்தையும் உலுக்கியது. அரிசியும் மாவும் சீனியும் விலை ஏறின. வரி கூடியதால் கடைச் சாராயத்தின் விலையும் ஏறியது. கூலி வேலை செய்யும் ஆண்கள் மலிவானதைத் தேடினார்கள். கசிப்புக்கு ஆள் கூடியது. கசிப்பு காய்ச்சுபவருக்கு இடமும் கையாளும் தேவைப்பட்டன.

அவளிடம் முதலில் யாரும் "கசிப்புக் காய்ச்சு" என்று கேட்பதில்லை. பழகிய ஒருவர் மாலையில் வருவார்.

"பிள்ளை, இந்தக் கானை ரெண்டு நாளைக்கு உன்ர கோடிக்குள்ள வைச்சிரு. ஒண்டும் செய்ய வேண்டாம். உனக்கு ஏதும் தாறன்."

"என்னண்ணை, ஆரும் கண்டால்?"

"தனிய இருக்கிற பொம்பிளை வீட்டை ஆர் வந்து பாக்கப் போயினம்?"

இரண்டு நாளில் கையில் காசு வருகிறது. அந்தக் கிழமைத் தவணை கட்டியாகிவிட்டது. இதுதான் முதல் பாடம். அடுத்தது அளந்து விற்பது. கானிலிருந்து போத்தலுக்கு ஊற்றிக் கொடுக்கிறாள். மூன்றாவது பாடம் அடுப்புக்குக் காவல் இருப்பது. விறகு தள்ளுகிறாள், தண்ணீர் மாற்றுகிறாள், நாய் குரைத்தால் எழுந்து பார்க்கிறாள். நான்காவதில் தன் வளவிலேயே பானை வைக்கிறாள். அதற்குள் கானைக் கொண்டுவந்தவர் பின்னுக்குப் போய்விடுகிறார். சீனியை அவரிடம்தான் கடனுக்கு வாங்க வேண்டும், காய்ச்சியதை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் பானை இருப்பது அவள் காணியில்.

பானைக்குள் நடப்பது என்ன?

இதில் மந்திரம் ஏதுமில்லை. அப்பத்துக்குக் கள் விட்டு மா புளிக்க வைத்த எல்லாப் பெண்களும் இதன் பாதியை அறிவார்கள். சீனித் தண்ணீரில் ஈஸ்ட் சேர்ந்தால், அந்த நுண்ணுயிர் சீனியைத் தின்று மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். அப்பமா பொங்குவது அந்த வாயுவால்தான். இப்படிப் புளித்த நீரையே கோடா என்கிறோம்.

கோடாவில் மதுசாரம் குறைவு, தண்ணீர் அதிகம். மதுசாரம் 78 பாகை செல்சியஸ் அளவிலும் தண்ணீர் 100 பாகையிலும் கொதிப்பவை. ஆகவே கோடாவைச் சூடாக்கும்போது எழும் ஆவியில் மதுசாரத்தின் பங்கு கூடுதலாக இருக்கும். அந்த ஆவியைக் குழாய் வழியே குளிரச் செய்து துளித்துளியாகப் பிடிப்பதுதான் வடித்தல். கசிந்து வருவதால்தான் அதற்குக் கசிப்பு என்று பெயர் வந்தது போலும். வெளிநாட்டில் வாற்கோதுமையை முளைக்க வைத்துப் புளிக்கச் செய்து விஸ்கி வடிப்பதும் இதே முறைதான். அங்கே அளவு பார்க்கும் கருவியும், சுத்தமான செப்புப் பாத்திரமும், பல வருடம் ஆறவைக்கும் மரப் பீப்பாவும், ஒவ்வொரு படியிலும் பரிசோதனையும் உண்டு. இங்கே பழைய பரலும், எதற்குப் பாவித்தது என்று தெரியாத குழாயும், இருட்டும்தான் உண்டு.

புதிதாகப் பழகும் பெண்ணுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது ருசியையும் வேகத்தையும். ஆபத்தை ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மூன்று ஆபத்துகளை இங்கே சொல்லலாம்.

முதலாவது நெருப்பு. மதுசார ஆவி பெற்றோல் ஆவியைப் போலத் தீப்பற்றும். மூடியின் இடுக்கால் கசியும் ஆவி அடுப்பை எட்டினால் ஒரு கணத்தில் பற்றும். குழாய் அடைபட்டால் பானையே வெடிக்கும். ஓலைக் கொட்டிலில், பிள்ளைகள் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இது நடக்கிறது.

இரண்டாவது பாத்திரம். வாகன ரேடியேற்றர் போன்ற பழைய உலோகப் பாகங்களிலும் ஈயப் பற்றாசிலும் ஆவி பட்டு வரும்போது ஈயம் கலக்கும். ஈயம் மெல்ல மெல்ல நரம்பையும் மூளையையும் கெடுப்பது. சீக்கிரம் புளிக்க யூரியா போடுவதும், விறுவிறுப்புக்காகக் கண்டதைக் கலப்பதும் இதோடு சேரும்.

மூன்றாவது எல்லாவற்றிலும் கொடியது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கண்ணையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு

மதுசாரத்தில் வகைகள் உண்டு. குடிபானத்தில் இருப்பது எதனோல். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது மெதனோல். பார்வைக்கு இரண்டும் தண்ணீர் மாதிரி. மணத்திலும் பெரிய வேறுபாடு தெரியாது. மெதனோல் உடலுக்குள் போனதும் ஈரல் அதை ஃபோமிக் அமிலமாக மாற்றிவிடும். அது கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும், பின் உயிரையும் எடுக்கும். இரண்டு தேக்கரண்டி அளவு, அதாவது 10 மில்லிலீற்றர், தூய மெதனோலே நிரந்தரக் குருட்டுத்தன்மைக்குப் போதுமானது.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

"முதலில் வரும் துளியை ஊற்றிவிட்டால் நஞ்சு போய்விடும்" என்பது ஒன்று. முதலில் வருவதில் வேறு சில கெட்ட பொருட்கள் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் மெதனோல் அப்படி முழுதாகப் பிரிந்து முன்னால் வந்துவிடுவதில்லை. வெறும் சீனியில் புளிக்க வைத்த கோடாவில் மெதனோல் மிகக் குறைவாகவே உண்டாகும். கூட்டம் கூட்டமாக மனிதர்கள் சாவது பெரும்பாலும் யாரோ இலாபத்துக்காகத் தொழிற்சாலை மெதனோலைக் கலந்து விற்பதால்தான். கையில் கிடைக்கும் "ஸ்பிரிட்" கானில் இருப்பது என்னவென்று அதை ஊற்றிக் கலக்கும் பெண்ணுக்கும் தெரியாது.

"கொளுத்திப் பார்த்து நீலமாக எரிந்தால் நல்லது" என்பது மற்றது. எதனோலும் நீலமாக எரியும், மெதனோலும் நீலமாகவே எரியும். இந்தச் சோதனையை நம்பி ஒருவருக்கும் ஊற்றிக் கொடுக்க முடியாது.

2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தனர். பெரும்பாலானோர் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். அதே ஆண்டு நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் நகரில் மெதனோல் கலந்த மதுவால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் 6 பேர் இறந்தார்கள். ஏழை, பணக்காரன் என்று அந்த நஞ்சு பார்ப்பதில்லை.

அறிகுறிகளை மனதில் வைத்திருங்கள். குடித்த உடனே வெறும் வெறி போலத்தான் தெரியும். 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள், சில வேளை அதற்கும் பிந்தி, கடும் தலையிடி, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்பன வரும். கண் பனிமூட்டத்தில் பார்ப்பது போல மங்கும். "நேற்றையது இன்னும் தெளியவில்லை" என்று படுக்க விடாதீர்கள். 1990 என்ற இலவச அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். மிச்சம் இருந்தால் போத்தலையும் கொண்டு போங்கள். வைத்தியசாலையில் இதற்கு மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. வீட்டில் தேசிக்காய்த் தண்ணீரும் மோரும் பருக்கிக் காத்திருந்தால் கண் போய்விடும். பொலிசுக்குப் பயந்து நோயாளியை மறைத்து வைக்க வேண்டாம். என்ன குடித்தார் என்பதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஸ்கொட்லாந்து மலையில் ஒரு கொடி

வீட்டுக்குள் சாராயம் வடித்த பெண்கள் நம் நாட்டில் மட்டும் இருந்தவர்கள் அல்லர். விஸ்கிக்குப் பேர் போன ஸ்கொட்லாந்தில் 200 ஆண்டுகளுக்கு முன் பண்ணை வீடுகளில் களவாக வடிப்பது சாதாரணம். வாடகை கட்ட வேறு வழியில்லாத குடியானவர்கள் கையிலிருந்த வாற்கோதுமையைச் சாராயமாக்கி விற்றார்கள். பானையைப் பார்த்துக்கொண்டவர்கள் பல வீடுகளில் பெண்கள்.

அவர்களில் ஹெலன் கமிங் என்பவர் வரலாற்றில் நிற்கிறார். 1811இல் அவரும் கணவர் ஜோனும் கார்டோ என்ற மலைப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வரி அதிகாரிகள் வந்தால், புளித்த மணத்துக்குக் காரணம் காட்ட ஹெலன் கையில் மாவைப் பூசிக்கொண்டு பாண் சுடுவது போல நிற்பாராம். அதிகாரிகளை உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய்க் களஞ்சியத்தின் மேல் சிவப்புக் கொடி ஏற்றுவாராம். அதைக் கண்டு அயல் பண்ணைக்காரர்கள் தங்கள் பானைகளை மறைத்துவிடுவார்கள். அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது.

1823இல் சட்டம் மாறியது. ஆண்டுக்கு 10 பவுண் அனுமதிக் கட்டணம் செலுத்திச் சிறு உற்பத்தியாளரும் சட்டப்படி வடிக்கலாம் என்றானது. 1824இல் கார்டோ பண்ணை அனுமதி பெற்றது. பின்னாளில் ஹெலனின் மருமகள் எலிசபெத் கமிங் அதைப் பெரிய வடிசாலையாக வளர்த்து 1893இல் ஜோன் வோக்கர் நிறுவனத்துக்கு விற்றார். அந்த வடிசாலை இன்றும் இயங்குகிறது.

அதே வேலை, அதே ஒளித்து வைத்தல். அங்கே சட்டம் ஒரு கதவைத் திறந்தது, பெண் முதலாளியானாள். நம் நாட்டில் நடந்தது வேறு. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மது வடிப்பது, வைத்திருப்பது, விற்பது, கொண்டு செல்வது எல்லாமே குற்றம். பெரிய வடிசாலைகளுக்குக் கிடைக்கும் அனுமதி வளவுப் பானைக்குக் கிடைக்காது. 1979இல் வந்த விதியொன்று மது உற்பத்தி, விற்பனை இடங்களில் பெண்கள் வேலை செய்வதையே தடுத்தது. 2018 ஜனவரியில் அதைத் தளர்த்தி, சில நாட்களிலேயே அந்தத் தளர்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆகவே கசிப்பில் கை வைக்கும் பெண்ணுக்கு முன்னேறிப் போக ஒரு வழி இல்லை. எவ்வளவு நன்றாகப் பழகினாலும் அவள் சேரும் இடம் நீதிமன்றம்தான்.

கணக்குப் பார்ப்போம்

"இதில் நல்ல காசு" என்று சொல்வார்கள். காசு வருவது உண்மை. அன்றன்று கையில் வருவதும் உண்மை. அதனால்தான் பெண்கள் வருகிறார்கள். ஆனால் அந்தக் காசில் அவளுக்கு நிற்பது எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

வரவுப் பக்கத்தில் விற்ற போத்தல்களின் பணம் மட்டும்தான் இருக்கும். செலவுப் பக்கத்தில் சீனியும் ஈஸ்டும் விறகும் மட்டுமா? கடனுக்குக் குடித்துவிட்டுக் கொடுக்காமல் போனவர்களின் தொகை உண்டு. வாயை மூடிக்கொண்டு இருப்பதற்காகச் சிலருக்கு இலவசமாகக் கொடுத்தது உண்டு. பிடிபட்டால் பரல், பானை, கோடா எல்லாம் போகும். பிணைக்கு ஆள் தேட வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டும். தண்டப்பணம் கட்ட வேண்டும். வழக்குத் தவணைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லை, பஸ் காசு வேறு. தண்டப்பணத்தைக் கட்ட முடியாவிட்டால் மறியல். அதைக் கட்டுவதற்காகவே மீண்டும் பானை வைத்த பெண்கள் உண்டு. சீனியைக் கடனுக்குக் கொடுத்தவர் மட்டும் எந்தத் தவணையிலும் நீதிமன்றத்துக்கு வருவதில்லை.

கொப்பியில் எழுத முடியாதவையும் உண்டு. இரவில் குடிக்க வரும் ஆண்கள் தனியே இருக்கும் பெண்ணிடம் எல்லை மீறுகிறார்கள். அவள் முறையிடப் போக முடியாது. போனால் முதலில் கேட்கப்படுவது அவளிடம்தான். வளர்ந்த மகள் வீட்டில் இருந்தால் பயம் இரட்டிப்பு. மகனைக் காவலுக்கு வைத்தால் அவன் பள்ளிக்கூடத்தில் தூங்குகிறான், பின்னர் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்துகிறான், ஒரு நாள் தானும் குடிக்கப் பழகுகிறான். "கசிப்புக்காரியின்ர பிள்ளை" என்ற பெயர் வகுப்பு வரை போகிறது.

அடுத்த வீட்டுக்குப் போகும் போத்தல்

இன்னொரு கணக்கும் உண்டு. அவள் விற்ற போத்தல் எங்கே போகிறது? அதே ஒழுங்கையில் நான்கு வீடு தள்ளிப் போகிறது. அங்கேயும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய கணவர் செல்லடியில் கால் போனவராகவோ, தடுப்பிலிருந்து வந்தவராகவோ, பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பவராகவோ இருக்கலாம். இரவில் நித்திரை இல்லை, கெட்ட கனவு, அதை மறக்கக் குடிக்கிறார். குடித்தால் அடிக்கிறார். அன்றைய கூலி போத்தலுக்குப் போய்விட்டது, அடுப்பில் ஒன்றுமில்லை.

இப்படி ஒரு பெண்ணின் தவணைப் பணம் இன்னொரு பெண்ணின் காயத்திலிருந்து வருகிறது. இருவரும் ஒரே முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றவர்களாகக்கூட இருக்கலாம். இதுதான் இத்தொழிலின் மிகப் பெரிய கொடுமை. இலாபத்தின் பெரும்பகுதியை எடுத்துப் போகிறவர் ஊரிலேயே இருப்பதில்லை. சண்டை பிடிப்பது இந்த இரண்டு பெண்களும்தான்.

பல கிராமங்களில் மாதர் சங்கங்கள் திரண்டு கசிப்புக்கு எதிராக மனுக் கொடுத்திருக்கின்றன, பானைகளைக் காட்டிக் கொடுத்திருக்கின்றன. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பானை வைத்த பெண்ணின் கடனும் அடுப்பும் அப்படியே இருந்தால், அடுத்த மாதம் பற்றைக்குள் வேறொரு பானை ஏறும். பானையை உடைக்கும் சங்கம் அவளையும் தன் உறுப்பினராகப் பார்க்க வேண்டும். "ஏன் செய்தனி?" என்று கேட்பதற்கு முன் "எவ்வளவு கடன் பிள்ளை?" என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும்.

வெளியே வர என்ன வேண்டும்?

கசிப்புக்கு மாற்றாக ஒரு தொழிலைச் சொல்லும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். கசிப்பு அவளுக்கு மூன்று வசதிகளைக் கொடுத்தது. வீட்டை விட்டுப் போகாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யலாம், காசு அன்றே வரும், வாங்க ஆள் தேடி வரும். ஆறு மாதப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் மட்டும் கொடுத்தால் அது மாற்றாகாது. அந்த ஆறு மாதமும் அவள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும் அல்லவா?

அவளிடம் ஏற்கனவே கைத்திறன் இருக்கிறது. புளிப்பு எப்போது சரியாகும் என்று மணத்தில் சொல்வாள். நெருப்பின் அளவைக் கண்ணால் பார்த்துக் குறைப்பாள், கூட்டுவாள். அளந்து ஊற்றுவாள், கணக்கை மனதில் வைத்திருப்பாள். இதே கைக்குப் பனை வேலை பொருந்தும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் பனஞ்சாறு புளிக்காமல் கருப்பணியாக இறங்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணித்தியாலத்தில் கள்ளாகிவிடும். கருப்பணியைக் காய்ச்சிப் பதம் பார்த்து இறக்கினால் பனங்கட்டி. பதம் தப்பினால் பாகு, பதம் முற்றினால் கரிப்பு. கோடாவுக்குக் காவல் இருந்தவளுக்கு இந்தப் பதம் பிடிபட நாள் எடுக்காது.

ஆனால் இதிலும் உண்மையைச் சொல்ல வேண்டும். பனங்கட்டிக் காலம் ஆண்டு முழுவதும் நீடிப்பதில்லை. மரம் ஏற ஆள் வேண்டும், ஏறுபவர்கள் குறைந்து வருகிறார்கள். விறகுச் செலவு அதிகம். தனி ஒருத்தி செய்தால் இடைத்தரகர் விலை வைப்பார். ஐந்தாறு பெண்கள் சேர்ந்து, பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தோடும் பனை அபிவிருத்திச் சபையோடும் தொடர்பு வைத்துச் செய்தால்தான் கையில் நிற்கும். மற்றக் காலத்துக்கு ஒடியல் மா, பினாட்டு, ஓலை வேலை, அப்பமும் இடியப்பமும் அவித்துக் கடைக்குக் கொடுத்தல் என்று இரண்டாவது வரவு ஒன்று வேண்டும்.

ஒரு பெண்ணை வெளியே கொண்டுவர நினைக்கும் சங்கம் இந்த ஒழுங்கில் செய்தால் பயன் கிடைக்கும்.

முதலில் கடனை எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு தாளில் வந்தாலே பாதிப் பயம் குறையும். கடன் கொடுத்த நிறுவனத்துடன் தவணையை நீட்டிப் பேச அவளைத் தனியே அனுப்பாமல் இரண்டு பேர் கூடப் போங்கள்.

இரண்டாவது, அவளுக்கு உரிய உதவிகள் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால் பிரதேச செயலகத்தில் முறையிடலாம். அங்குள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இதற்குத்தான் இருக்கிறார்.

மூன்றாவது, தொழில் மாறும் இடைக்காலத்துக்குச் சங்கச் சுழற்சி நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை வட்டியின்றிக் கொடுங்கள். மூன்று மாத உலைச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பிள்ளைகளை மீண்டும் பள்ளிக்கூடத்தில் நிறுத்துங்கள். அவர்களை எவரும் பட்டப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அதிபரோடு பேசுங்கள்.

ஐந்தாவது, குடிக்கும் ஆணையும் விட்டுவிடாதீர்கள். நெடுநாள் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். அது உயிராபத்து. ஆதார வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் காட்டி மருந்தோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

சட்டத்தில் உங்களுக்கு உள்ளவை

கைதான பெண்ணுக்கும் உரிமைகள் உண்டு. ஒரு பெண்ணைச் சோதனையிடுவதானால் இன்னொரு பெண்தான், அவளது மரியாதை குறையாத வகையில், சோதனையிட வேண்டும் என்பது நாட்டின் குற்றவியல் நடவடிக்கைச் சட்டம். பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் அவளை நீதவான் முன் கொண்டு செல்ல வேண்டும். தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

அடிபடும் பெண்ணுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்டு விண்ணப்பிக்கலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்க முடியும். அக்கட்டளை 12 மாதம் வரை செல்லும். கணவரை மறியலுக்கு அனுப்பாமலே அடியை நிறுத்த வழி தேடும் பெண்களுக்கு இது பயன்படும். ஆலோசனை வேண்டுமானால் 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வாசகத் தோழியரே, உங்கள் ஒழுங்கையிலும் இப்படி ஒரு வளவு இருக்கலாம். இரவில் புளித்த மணம் வரும், பகலில் அந்தப் பெண் தலை குனிந்து கடைக்குப் போய் வருவாள். அவளிடம் கான் கொண்டு வருபவர் மாலையில்தான் வருவார். அவருக்கு முன்னே, காலையிலேயே, நம்மில் ஒருவர் அந்தப் படலையைத் தட்ட வேண்டும்.